தெருநாய் எங்கிருந்து வருகிறது?

கேரளத்துக்குக் குடிவந்த தமிழர்களில், ‘பட்டி’ என்று முடியும் ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. என் சொந்த ஊர் கோவில்பட்டி. 1980களில் இம்மாநிலத்தில் வேலையில் சேர்ந்த முதல் நாள், ஊர்ப் பெயரைக் கேட்ட மலையாள நண்பர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பாறசாலைப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து, அங்கே ஒரு தெருநாயையும் சேர்த்துக்கொண்ட செய்தி தெரிந்ததும் அதே நண்பர் தொலைபேசியில், “இப்போள் எல்லாம் சரியாயி” என்றார்.

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு பொருள் பற்றி முக்கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்ததை வந்திருந்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருநாய்களைப் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களிலிருந்து அகற்ற வேண்டும், அகற்றிய நாயை மறுபடி அதே இடத்தில் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று இட்ட உத்தரவிலிருந்து பேச்சு தொடங்கியது. ஒரு சாரார், எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டியதுதான் என்றார்கள். மறு சாரார், வாயில்லா ஜீவன் என்றார்கள். நான் நாய் வளர்ப்பவன் என்பதால் இரண்டாவது கட்சியில் என்னைச் சேர்த்துக் கைதட்டவும் செய்தார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் இடமில்லை. அன்று சொல்ல நேரமில்லாமல் போனதை எழுதித் தரும்படி இதழாசிரியர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நாம் வாழும் இந்த நெய்யாற்றின்கரை வட்டம் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தில் நின்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கம் போயின. மனிதர்கள் இன்றும் இரண்டு மொழியிலும் புழங்குகிறார்கள். காலையில் களியக்காவிளைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு பாறசாலைக்கு வந்து குழம்பு வைக்கிறோம். நாய்களுக்கும் அப்படித்தான். அந்தப் பக்கம் குட்டி போட்டு இந்தப் பக்கம் வந்து திரிகின்றன.

இந்த வட்டத்தில் நாயைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் இரண்டு கடற்கரைகளை மறக்க முடியாது. ஒன்று புல்லுவிளை. 2016 ஆகஸ்டில் ஓர் இரவு, கடற்கரைக்குப் போன 65 வயது மூதாட்டியைத் தெருநாய்க் கூட்டம் கடித்துக் குதறிக் கொன்றது. அடுத்த ஆண்டும் அதே ஊரில் ஒரு மீனவர் நாய்களுக்குப் பலியானார். மற்றொன்று அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடிமலைத்துறை. 2021 ஜூன் 28 அன்று அங்கே புரூணோ என்ற லாப்ரடார் நாய், யாருக்கும் தீங்கு செய்யாமல் படகுக்கு அடியில் படுத்திருந்த நாய், தூண்டில் கொக்கியில் மாட்டி அடித்துக் கொல்லப்பட்டது. அந்தக் காட்சியின் படம் நாடு முழுவதும் பரவியது. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, அதற்குப் புரூணோவின் பெயரையே வைத்தது. மனிதரின் பெயரில் அல்லாமல் ஒரு நாயின் பெயரில் நடந்த வழக்கு அது.

ஒரே கடற்கரை, ஐந்து ஆண்டு இடைவெளி. மூதாட்டியின் மரணத்தைச் சொல்லுகிறவர் புரூணோவைச் சொல்லுவதில்லை. புரூணோவுக்காகக் கண்ணீர் விடுகிறவர் அந்த மூதாட்டியைச் சொல்லுவதில்லை. நம் கூட்டத்திலும் அதுதான் நடந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த நாயின் கதைக்கு வருகிறேன்.

2024 ஐப்பசி மாதம். துலாவர்ஷ மழை கொட்டிக்கொண்டிருந்தது. இஞ்சிவிளை அருகே தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் ஏத்தன் குலை விற்கும் கடை ஒன்றின் பலகைக்கு அடியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அதன் அருகே போனாலே நாற்றம் தாங்க முடியாது. சொறி என்று நினைத்தேன். கடைக்காரர், “அண்ணே, அது தலை அறுந்து விழப்போற நாய். பக்கத்துல போவாதீங்க” என்றார். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு நைலான் கயிறு. குட்டியாக இருந்தபோது யாரோ கட்டியது. நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கி, அதன்மேல் சதை மூடி, உள்ளே புழு வைத்திருந்தது.

அந்தக் கயிற்றைப் பார்த்தது முதல் என் மனம் ஒரு நிலையில் இல்லை. தெருவில் பிறந்த நாய்க்குக் கழுத்தில் கயிறு ஏது? ஏதோ ஒரு வீட்டில் குழந்தைகள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து, பெயர் வைத்து, பால் ஊற்றி, கட்டி வைத்து, பிறகு எப்போதோ வெளியே விட்ட நாய் அது. நாம் ‘தெருநாய்’ என்று சொல்வதில் பாதி நாய்க்கு ஒரு காலத்தில் ஒரு வீட்டு முகவரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மீதியில் பலவும் அப்படி விடப்பட்ட பெண் நாய்களின் குட்டிகளாகத்தான் இருக்க வேண்டும். பெண் குட்டியைத்தான் நம்மவர்கள் சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

என் மனம் கலங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1998-இல் நாங்கள் ஒற்றப்பாலத்தில் இருந்தோம். வீட்டில் ராஜா என்று ஒரு கறுப்பு நாய். மூன்று ஆண்டுகள் என் மகளோடு வளர்ந்தது. எனக்கு மாற்றல் வந்தது. புது ஊரில் மாடி வீடு. நாய் கூடாது என்றார்கள். நான் இரண்டாம் யோசனையே செய்யவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம், “மீதம் இருந்தால் கொஞ்சம் சோறு போடுங்கள்” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினேன். வளைவு வரைக்கும் ராஜா ஓடி வந்தது. என் மகள் லாரியின் பின்பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று என் மனைவியிடம் சொன்னேன். இன்று அவளுக்கு நாற்பதை நெருங்குகிறது, மறக்கவில்லை. அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. ராஜா என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அதுவும் ஒரு தெருநாய் ஆகியிருக்கும். யாரையாவது கடித்தும் இருக்கும்.

இதை நான் மட்டும் செய்ததாக நினைக்கவில்லை. மாற்றலில் வருகிறவர்கள், கடை மாற்றுகிறவர்கள், பிள்ளை வெளிநாடு போனதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் என்று நம்மைப் போல் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இது மெத்த சகஜம். கட்டில், பீரோ, கிரைண்டர், துளசிச் செடி எல்லாம் லாரியில் ஏறும். நாய் மட்டும் ஏறாது.

கயிற்று நாயைப் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. துரத்திப் பிடிப்பது சினிமாவில்தான் நடக்கும். தினமும் மாலை ஐந்தரை மணிக்கு அதே இடத்தில் மீன் தலை போட்ட சோற்றை வைத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பேன். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்தால் நாய் அதைச் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் தட்டை நான்கு அடி எங்கள் வீட்டுப் பக்கமாக நகர்த்தினேன். போகிற வருகிறவர்கள் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். ஒன்பதாம் நாள் அது எங்கள் காம்பவுண்டுக்குள் வந்தது, கேட்டைச் சாத்தினேன்.

ஆட்டோக்காரர்கள் இருவர் மறுத்து, மூன்றாமவர் சாக்கு விரித்துக்கொள்ளச் சொல்லி ஒப்புக்கொண்டார். மிருகாசுபத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மா நாயைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்து, “சார் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். முன்பின் தெரியாத தெருநாயைத் தொடுகிறவர்கள் கடி படுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தோடு போகிறவர்களில் அநேகருக்கு இது தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை.

மயக்க ஊசி போட்டு, கயிற்றை அறுத்து எடுத்து, புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. அதற்கு மாத்திரை மூன்று வாரம். நம்மவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை: சொறிக்கும் புண்ணுக்கும் மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் தடவுகிற வைத்தியத்தை விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கும். தோலும் வேகும், குடலும் வேகும்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ‘நாயை மீட்டோம்’ என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் ஆசுபத்திரி வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். காயம் இரண்டு மாதத்தில் ஆறும். பயம் ஆறுவதற்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். மணி என்று பெயர் வைத்தோம் (தமிழன் வீட்டு நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது?). முதல் மூன்று நாள் மணி எங்கள் கண் முன்னால் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு தட்டு காலியாகும். பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரே நேரத்தில் நிறையப் போடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் ஒரு நாளைக்கு நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்த சோறும் கோழிக் குழம்பில்லாத வெறும் கோழிச் சாறும். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதுவரை மீந்த குழம்புச் சோறுதான் நாய்ச் சோறு என்று நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து வாசற்படியில் படுக்கத் தொடங்கியது. மழை இடித்தால் சமையலறை மேடைக்கு அடியில் போய் நடுங்கும். ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் சிறுநீர் கழிக்கும். கழுத்துப் பட்டையை எடுத்தாலே பல்லைக் காட்டும். அதன் கழுத்துக்குப் பட்டை என்றால் கயிறுதான். ஆகவே பட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேலேயே தின்பண்டம் வைத்து, ஒரு மாதம் அப்படியே பழக்கினோம். கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் வாரைத்தான் கடைசியில் ஏற்றுக்கொண்டது.

எங்கள் அடுத்த வீட்டுச் சேச்சி இதையெல்லாம் மதில் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த வீடு பூவாறு பக்கம். புல்லுவிளை சம்பவம் அவருக்குச் செய்தித்தாள் செய்தி அல்ல. அவருடைய பேரனை டியூசன் போகும் வழியில் ஒரு நாய் கடித்து ஊசி போட்டிருந்தார்கள். முதல் வாரமே என்னிடம் வந்து, “சாரே, எனிக்கு பேடியாணு” என்றார். பயமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் நாய்ப் பிரியர்களின் வழக்கமான பாட்டைப் பாடியிருக்கலாம்: நாய் நன்றியுள்ளது, நாலடியாரே யானையைவிட நாயை உயர்த்திச் சொல்லியிருக்கிறது, தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போக மறுத்தார் என்றெல்லாம். அந்தப் பயத்துக்கு முன்னால் அந்தப் பேச்செல்லாம் எடுபடாது. 2025 மே மாதம் கொல்லம் மாவட்டம் குன்னிக்கோட்டைச் சேர்ந்த 7 வயதுச் சிறுமி, தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகும் வெறிநாய்க்கடி நோயால் இறந்துபோனாள். அதைப் படித்த எந்தப் பாட்டிக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆகவே சேச்சியிடம் ஒப்பந்தம் செய்துகொண்டேன். கேட் எப்போதும் பூட்டியிருக்கும். பேரன் வருகிற நேரத்தில் நாய் உள்ளே இருக்கும். தடுப்பூசிப் புத்தகத்தை அவரே கையில் வாங்கிப் பார்க்கலாம். ஆறு மாதத்தில் திருந்தாவிட்டால் வேறு ஏற்பாடு செய்வேன். வீட்டுக்காரருக்கும் இதையே எழுதிக் கொடுத்தேன். வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: ஒளித்து வளர்க்காதீர்கள். ஒளித்து வளர்த்த நாய்தான் ஒரு நாள் இரவோடு இரவாகத் தெருவுக்குப் போகிறது.

இரண்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. என் மனைவி ஒரு கையில் துடைப்பத்தோடு குனிந்து மணியின் தட்டை எடுத்தாள். கடித்துவிட்டது. புறங்கையில் இரண்டு பல் ஆழமாகப் பதிந்து இரத்தம் வந்தது. குழாயைத் திறந்து விட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினோம். இந்தப் பதினைந்து நிமிடக் கழுவலைப் பாதி வைத்தியம் என்றே சொல்லலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் காபித் தூளும் அப்பக் கூடாது. அன்றே அரசு ஆசுபத்திரியில் முதல் ஊசி. பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். காயம் ஆழமாக இருந்ததால் காயத்தைச் சுற்றிச் சீரமும் போட்டார்கள். என் சிறு வயதில் எங்கள் தெருக்காரர் ஒருவர் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டு குனிய முடியாமல் நடந்தது நினைவிருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2005-க்குள் கைவிடப்பட்டது. இப்போது கையில் குத்துவதோடு சரி. நம் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இந்தப் பணியில் இருப்பது தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பத்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. நோய் இருந்தால் நாய் அந்த நாட்களுக்குள் செத்துவிடும். பதினோராம் நாள் காலை மணி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது. “என்ன செய்யலாம்?” என்று மனைவியிடம் கேட்டேன். கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அவள் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருக்க முடியாது. அவள், “ஏங்க, அது என்னைக் கடிக்கலை. துடைப்பத்தைக் கடிக்கப் போய்க் கை நடுவுல வந்துடுச்சு. யாரோ அதைத் துடைப்பத்தால அடிச்சிருக்காங்க” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துடைப்பம் கதவுக்குப் பின்னால்தான்.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். தெருநாய்ப் பிரச்சினையில் நமக்கு இருக்கிற பங்கு தெருவில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கீழ் 1998-இலேயே நாய்க்கு உரிமம் வேண்டும் என்று விதி வந்துவிட்டது. தடுப்பூசிச் சான்றைக் காட்டி, பஞ்சாயத்து ஆபீசில் சிறு கட்டணம் கட்டி வாங்குவது. புரூணோ வழக்கில் 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம், வளர்ப்புப் பிராணிகளைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும்படி உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டது. நம் சங்கத்தில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் இருபதுக்குக் குறையாது. உரிமம் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கூட்டத்தில் கேட்டேன். என்னையும் சேர்த்து மூன்று கை உயர்ந்தன. கொல்ல வேண்டும் என்று பேசியவர் வீட்டிலும் நாய் உண்டு. பெண் நாய். போன ஆண்டு ஆறு குட்டி. அவற்றில் நான்கு எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.

பிஸ்கட் கட்சிக்கும் ஒரு வார்த்தை. காலை நடைப் பயிற்சியின்போது பத்து நாய்க்குப் பிஸ்கட் போட்டுவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புவதை நான் தருமம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கூட வாசலிலும் கோயில் வாசலிலும் நாயைக் கூட்டமாகச் சேர்ப்பதற்குத்தான் அது உதவும். 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றமும் கண்ட இடத்தில் தீனி போடக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்றது. அதே உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது. இந்தக் கடைசி வரியை எனக்கு 1998-இல் யாராவது சொல்லியிருக்கலாம்.

‘கொன்றால் தீரும்’ என்கிறவர்கள் சென்னையின் கதையைக் கேட்க வேண்டும். மாநகராட்சி நூறு ஆண்டுக்கு மேல் நாயைக் கொன்று பார்த்தது. எண்ணிக்கை குறையவில்லை. காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், அவ்வளவுதான். 1964-இலேயே அங்கே புளூ கிராஸ் அமைப்பு கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று தொடங்கியது. 1996-இல் மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. கோவாவில் ஆண்டுதோறும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதன் பயனாக 2017-க்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அங்கே ஒரு மனிதர்கூட வெறிநாய்க்கடியால் சாகவில்லை. நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அந்த எழுபது என்ற கணக்கில்தான் எல்லையோரத்துக்காரர்களான நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பாறசாலையில் ஒரு மாதம் ஊசி போட்டு, களியக்காவிளையில் போடாமல் விட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். நாய் எந்த மாநிலத்துப் பிரஜை என்று அதன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று அடையாளம். எங்கள் சாலையில் திரியும் நாய்களில் காது வெட்டியவற்றை விட வெட்டாதவையே அதிகம் கண்ணில் படுகின்றன. இரு பக்கத்து உள்ளாட்சிகளும் ஒரே வாரத்தில் தடுப்பூசி முகாம் நடத்தும்படி நம் சங்கம் மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றும் மனு எழுதிக் கொடுக்கலாம். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாம்தானே? பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிற செலவில் கால்பங்கு ஆகாது. எல்லையோரச் சாலைகளில் இரவில் கொட்டப்படும் கோழிக் கழிவைப் பற்றியும் அதே மனுவில் இரண்டு வரி சேர்க்கலாம். நாய்க் கூட்டத்துக்குச் சாப்பாடு போடுவது பிஸ்கட்காரரைவிட அந்தக் கழிவு லாரிதான்.

எல்லோரும் நாய் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளர்க்கவே கூடாதவர்கள் நம்மில் பலர் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றலாகிறவர், பகல் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகிறவர் போன்றோர். அவர்களும் ஆறு மாதம், எட்டு மாதம் ஓர் இடைத்தங்கல் வீடாக இருந்து, ஒரு நாயைத் தேற்றி, ஊசி போட்டு, கருத்தடை செய்து, மதிலும் மனமும் உள்ள ஒரு வீட்டில் சேர்த்துவிட்டுப் போகலாம். நாங்கள் மணிக்குச் செய்தது அதுதான். எனக்கு வயது 67. ஒரு வாலிப நாயின் ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியாது.

ஒன்பது மாதத்தில் மருந்து, ஊசி, கருத்தடை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பதினோராயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுகிறேன். மணியை மூன்று வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இருவரை நானே திருப்பி அனுப்பினேன். ஒருவர் கடைக்குக் காவலாக இரவும் பகலும் சங்கிலியில் கட்டப்போவதாகச் சொன்னார். இன்னொருவர் வீட்டுக்கு மதில் இல்லை. மூன்றாவது, பலராமபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பம். பலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து அழைத்து வந்து குடியேற்றிய சாலியர் வழியில் வந்தவர்கள்; இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமை மணியை அங்கே அழைத்துப் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினோம். ஐந்தாம் முறை விட்டுவிட்டு வந்தோம். ஆட்டோவின் பின்னால் ஓடி வருமோ என்று திரும்பிப் பார்த்தேன். குழித் தறிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. துடைப்ப விஷயத்தை அந்த வீட்டு அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். உரிமம் அவர்கள் பெயரில் எடுத்தாயிற்று. மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன்.

சேச்சியின் பேரன், மணி போன மறுநாள் மதில் மேல் ஏறி, “பட்டி எவிடே?” என்று கேட்டான்.

இப்போது எங்கள் திண்ணையில் ஒரு பெண் குட்டி இருக்கிறது. உதியன்குளங்கரைச் சந்தை ஓரத்தில், நான் மேலே சொன்ன மாதிரியான ஒரு சாக்கில் கிடைத்தது. நான்கு மாதம் இருக்கும். குடற்புழு மருந்து கொடுத்து, வெறிநாய்த் தடுப்பூசி முதல் ஊசி போட்டாயிற்று. கருத்தடைக்கு இன்னும் வயது ஆகவில்லை. அந்தச் செலவு என்னுடையது. வேண்டுகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மதில் இருக்க வேண்டும். சங்கிலி கூடாது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் மாற்றல் வரக் கூடியவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம்.